ஆர்லிஸ் ஜெப்சன் விட்டுச் சென்ற புத்தகங்கள்

எங்கள் கார்ஸ்டன் ஊருக்கு நூற்றிருபத்தைந்து வயதாகிறது. விழா மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் தங்கள் தாத்தாவைப் பற்றித்தான் எழுதுவார்கள். அந்தத் தாத்தாக்கள் எல்லோரும் ஒரே அச்சு. டென்மார்க்கிலிருந்தோ பொஹிமியாவிலிருந்தோ வந்தார்கள், வெட்டுக்கிளிக் கூட்டத்தைப் பார்த்தார்கள், பனியில் ஒரு மாட்டைப் பறிகொடுத்தார்கள், செத்தார்கள். நான் ஆர்லிஸ் ஜெப்சன் என்ற பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த நெப்ராஸ்காவிலேயே கிடையாது. ஏன் என்று போகப் போகத் தெரியும். அந்தக் காரணத்தில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பெருமைப்பட எனக்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், டெல்மர் வோண்ட்ரா. சர்க்கரைக் கிழங்கு வயலில் களை எடுத்தேன், தானிய லாரி ஓட்டினேன், ஏலத்தில் இரண்டு பழைய வாஷிங் மெஷினை வாங்கிக் கையாலேயே பழுது பார்த்தேன். இன்றைக்கு எண்பதாம் நெடுஞ்சாலையோரம் எனக்கு மூன்று லாண்டரி, காசு போட்டு அவரவரே துவைத்துக்கொள்ளலாம். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை லாரி ஓட்டுகிறவர்கள் என் மெஷினில்தான் துணி போடுகிறார்கள். கல்லூரிக்குப் போனவர்கள் யாரும் இந்த ஊரில் அதைச் செய்துகாட்டவில்லை.

ஆர்லிஸை முதலில் பார்த்தது தானியக் கிடங்கின் எடைமேடையில். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்துநான்கு. கோதுமையோடு லாரியை மேடையில் ஏற்றி நிறுத்த வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவர் எடையைக் குறிப்பார். கொட்டிவிட்டு வெறும் லாரியை மறுபடி நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோதுமை. நான் கெட்டிக்காரன் இல்லையா, முதல் எடைக்கு என் சித்தப்பா பையன்கள் இரண்டு பேரை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது நான் மட்டும்.

ஜன்னல் திறந்தது.

"வோண்ட்ரா, வரும்போது ரெண்டு தடியனுங்க இருந்தானுங்களே, அவனுங்களும் கோதுமையா?"

"அவங்க இறங்கி நடந்து போயிட்டாங்க."

"அப்ப நடந்தே திரும்பி வரச் சொல்லு. வந்து ஏறி உட்காரட்டும். அதுவரைக்கும் நீ மேடைய விட்டு இறங்க முடியாது."

எனக்குப் பின்னால் பதினான்கு லாரி நின்றது. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். தடியன்கள் வந்து ஏறினார்கள். அப்படி நாற்பது வருடம் அந்த ஜன்னலில் இருந்தவர் ஆர்லிஸ். எடையில் யாருக்கும் ஒரு பவுண்டு கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாற்பது வருடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே எழுதுவார், நின்றுகொண்டே ரொட்டியைத் தின்பார், இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். கையில் ஏதாவது ஒரு புத்தகம் விரித்தபடி இருக்கும். அவர் கணவர் எல்வின் நல்ல மனிதர், ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் மூச்சு முட்டும் ரகம். "அங்க போயி என்ன பார்க்கப் போற? அங்கயும் வானம்தான் இருக்கு" என்பார். ஆர்லிஸ் கடலையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. லாரிகள் எங்கெங்கிருந்தோ வந்து எங்கெங்கோ போவதைத்தான் பார்த்தார்.

எல்வின் இறந்த பிறகு ஆர்லிஸுக்கு இணையத்தில் ஒரு விஷயம் தெரிய வந்தது. படித்து முடித்த புத்தகத்துக்கு ஒரு எண் வாங்கி, அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி, பஸ் நிலையத்திலோ பூங்கா பெஞ்சிலோ விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். கண்டெடுக்கிறவர் அந்த எண்ணை இணையத்தில் போட்டு, இன்ன இடத்தில் கண்டேன் என்று ஒரு வரி எழுதுவார். படித்துவிட்டு அவர் வேறு எங்காவது விடுவார். புத்தகம் போய்க்கொண்டே இருக்கும், வீட்டிலிருந்தபடி அதன் வழியைப் பார்க்கலாம். தான் போகாத இடத்துக்கெல்லாம் தன் புத்தகம் போகட்டும் என்று ஆர்லிஸ் நினைத்தார். சுவரில் ஒரு தேசப்படத்தை மாட்டி, பக்கத்தில் ஒரு டப்பா குண்டூசியையும் வைத்துக்கொண்டார்.

ஒரு குண்டூசிகூடக் குத்த முடியவில்லை. காரணம் நம் ஊர்க்காரர்கள். பேங்க் கவுண்டரில் ஒரு புத்தகத்தை விட்டார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் போன்: "ஆர்லிஸ், புத்தகத்த மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களே!" மருந்துக்கடையில் விட்டார். கடைக்காரர் மகள் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தாள். தபால் நிலையத்தில் விட்டது அவர் வீட்டுத் தபால் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. கோவிலில் கடைசி வரிசையில் விட்டதை, பாதிரியார் பிரசங்கம் முடிந்ததும் கையில் தூக்கிக் காட்டி, "இது நம்ம ஜெப்சன் அம்மாவோடதுதானே?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாதர், அது தொலையல. நானே விட்டது."

"அதான் கிடைச்சிருச்சே, கவலைப்படாதீங்க" என்றார் பாதிரியார்.

புருஷன் போன துக்கத்தில் ஞாபகம் தப்புகிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இரண்டு பெண்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது போல, பாத்திரம் நிறைய சுட்ட நூடுல்ஸோடு விசாரிக்க வந்தார்கள். ஆர்லிஸ் கொதித்துப் போனார். இனி இந்த ஊரில் விடுவதில்லை, அந்நியர்கள் மட்டும் வந்து போகும் இடத்தில்தான் விடுவேன் என்று காரை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மைல் தெற்கே, நெடுஞ்சாலைக்கு வந்தார். அங்கே அந்நியர்கள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் லாண்டரி.

நான் குடியிருந்ததும் அந்த நெடுஞ்சாலையோரம்தான். அதனால் ஊரில் நடந்த இந்தக் கூத்து எதுவும் என் காதுக்கு வரவில்லை. ஆர்லிஸ் வீட்டிலேயே வாஷிங் மெஷின் இருந்தது. எனவே அவர் துவைக்க வந்து நிற்கவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. நான் பின்னால் கொதிகலனைப் பார்க்கப் போயிருக்கும்போது உள்ளே வந்து, டிரையர் மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது என் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது வாங்கிய இரும்பு அலமாரி. அதற்கு மேலே நானே பெயிண்டில் எழுதி மாட்டியிருந்தேன்: "இங்கே மறந்து வைத்தது எதுவும் தொலையாது. டெல்மர் வோண்ட்ரா, உரிமையாளர்." சும்மா எழுதவில்லை. ஒற்றைச் சாக்ஸைக்கூட தேதி போட்டு கிளிப்பில் மாட்டி வைப்பேன். ஒருமுறை ஒரு கல்யாண மோதிரத்தை ஓஹையோ வரைக்கும் ஆள் தேடி அனுப்பினேன். ஒருவர் பல்செட்டை பதினொரு மாதம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் பையில் கை விட மாட்டேன், அடுத்தவர் புத்தகத்தின் அட்டையைத் திறந்து பார்க்கவும் மாட்டேன். டிரையர் மேல் புத்தகம் கிடந்தால் எடுத்து அலமாரியில், சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி, பூட்டிவிடுவேன். இரண்டு வருடத்தில் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. படிக்கிறவர்களுக்கு ஞாபகமறதி அதிகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் படிக்காததும் நல்லதாயிற்று என்றும் சொன்னேன்.

அதே இரண்டு வருடமும் ஆர்லிஸ் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை. போன் கம்பி வழியாக அது கீச்சிட்டுக் கீச்சிட்டு இணையும் வரை அறையைச் சுற்றி நடப்பார். ஒரு வரி இல்லை.

அந்தக் கோடையில் மகன் டரெல் வந்து, படி ஏற வேண்டாத இரண்டு அறை வீட்டுக்கு அம்மாவை மாற்ற ஏற்பாடு செய்தார். அதற்கு ஆர்லிஸ் சம்மதித்துவிட்டார். தகராறு புத்தகத்தில் வந்தது. நானூறுக்கு மேல் இருந்தன.

"லாரியில வர்ற பெரிய குப்பைத் தொட்டி ஒண்ணு வாடகைக்குச் சொல்றேம்மா. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுரலாம்."

"குப்பையா? படிக்கிறவங்க இருக்காங்கடா."

"எங்க இருக்காங்க? ரெண்டு வருஷமா வெளிய விட்டுக்கிட்டு இருக்கியே, ஒருத்தனாவது ஏன்னு கேட்டானா?"

ஆர்லிஸ் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"செப்டம்பர் முப்பது வரைக்கும் டைம் குடு. முன்பின் தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'கண்டேன்'னு எழுதணும். எழுதலேன்னா நீ தொட்டிய வரச் சொல்லு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை எடைச்சீட்டு மாதிரி. அடித்துத் திருத்த முடியாது.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி கொதிகலன் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் நான் முன்னாலேயே இருந்தேன், துடைப்பத்தோடு, மெஷின்களுக்குப் பின்னால். ஒரு அம்மா உள்ளே வந்தார். உட்காரவில்லை. டிரையர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஒரு புத்தகத்தை வைத்தார், வெளியே போனார். எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஆளைக் கையோடு பிடித்துவிட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் முழங்காலுக்கு அது சாமானிய ஓட்டம் இல்லை.

"அம்மா! நில்லுங்க! புத்தகத்த மறந்துட்டீங்க!"

கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"வோண்ட்ரா?"

"அட, ஆர்லிஸ்! நல்லவேளை நான் பாத்தேன். வேற ஆளா இருந்தா போயிருக்கும்."

"போகணும்னுதான்யா வச்சேன்." குரல் மிக மெதுவாக வந்தது. "இதுக்கு முன்னாடி வச்சதெல்லாம் எங்க?"

"எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "ஒண்ணுகூட தொலையல. வாங்க, காட்டுறேன்."

அலமாரியைத் திறந்து காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றொன்றாக எடுத்து முதுகில் எழுதியிருந்த பெயரைப் படித்தார், திரும்ப வைத்தார். பிறகு ஒரு புத்தகத்தின் அட்டையைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்பக்கம் ஒரு மஞ்சள் சீட்டு. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். "நான் தொலையவில்லை. என்னை எடுத்துக்கொண்டு போ. எங்கே கண்டாய் என்று எழுது." கீழே ஒரு எண்.

"அட்டையத் திறந்து பாக்கத் தோணலையா உனக்கு?"

"அடுத்தவங்க பொருள நான் திறக்க மாட்டேன்."

"எல்லா நாளும் யோக்கியனா இருந்திருந்தா பரவாயில்லை. கோதுமைக்கு ஆள ஏத்திக்கிட்டு வந்தவன், என் புத்தகத்துக்குன்னு பாத்து யோக்கியனாயிட்ட."

உட்காருங்கள் என்று நாற்காலியைத் தள்ளினேன். "உட்கார நேரமில்ல, இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்கு" என்றார். நடந்துகொண்டே டரெலின் கதையையும் முப்பதாம் தேதிக் கதையையும் சொன்னார். தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போர்டை நீங்க படிச்சிருக்கணும், அதுல தெளிவா எழுதியிருக்கேன்" என்றேன். எழுபத்துமூன்று வயது வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாத வாய்.

அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். டிரையர் மேல், சோப்பு மெஷின் மேல், ஜன்னல் விளிம்பில் பரப்பினோம். என் போர்டை அவர் ஒரு பார்வை பார்த்தார். நானே ஏணி போட்டு ஏறிக் கழற்றினேன்.

பிறகு அந்தப் பன்னிரண்டு நாள். மனிதன் படக்கூடாத அவஸ்தை. ஒருவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆடும் மேஜைக்காலுக்குக் கீழே அதைச் செருகினார். வையோமிங் பக்கம் போகிற ஒரு பெண் டிரைவர் இரண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார், எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆர்லிஸ் தினமும் போன் செய்தார்.

"போச்சா?"

"மூணு போச்சு. உங்களுக்கு வந்துச்சா?"

"இல்ல."

பேச்சு அவ்வளவுதான். வைத்துவிட்டு நான் மெஷின்களைச் சுற்றி நடப்பேன். அவர் அங்கே நடந்துகொண்டிருப்பார் என்று தெரியும். நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"ஒமாஹாவுல என் மச்சினன் இருக்கான். அவனை ஒரு வரி எழுதச் சொல்லட்டுமா? டரெலுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ரெண்டு தடியனுங்கள்ல ஒருத்தனா அவன்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சும்மா நிற்க முடியாமல், எனக்கே புரியாமல், ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அலமாரியின் அடியிலிருந்து கடைசியாக வெளியே எடுத்தது, அவர் என் கடையில் வைத்த முதல் புத்தகம். கலங்கரை விளக்கத்தைக் காக்கும் ஒரு குடும்பத்தின் கதை. ஒரு மெஷின் துவைத்து முடிக்க இருபத்தெட்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் எனக்கு மூன்று பக்கம் ஓடும். விரலை வரிக்குக் கீழே வைத்துத்தான் படிப்பேன். அந்த விளக்குக்காரன் படிக்காதவன், யார் சொன்னாலும் கேட்கமாட்டான், தான் செய்வதுதான் சரி என்பான். அவனைப் பிடித்திருந்தது. எழுபதாம் பக்கத்துக்கு மேல் அவன்மேல் கோபம் வந்தது.

முப்பதாம் தேதி காலை வரை ஒரு வரிகூட வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு காரை எடுத்தேன். ஆர்லிஸ் வீட்டு வாசலில் பெரிய இரும்புத் தொட்டி ஏற்கெனவே வந்து நின்றது. டரெல் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, முதுகுவலிக்காரர், மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். அட்டைப்பெட்டிகள் வாசலில் வரிசையாக இருந்தன. ஆர்லிஸ் தொட்டிக்கும் படிக்கும் நடந்துகொண்டிருந்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

நான் கலங்கரை விளக்கப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். "இத முடிச்சுட்டுத் தரேன், இத மட்டும் தொட்டியில போடாதீங்க" என்று கேட்கத்தான் வந்தேன்.

ஆர்லிஸ் நின்றுவிட்டார். "நீ படிக்கிறியா?"

"நூத்தி நாப்பதாம் பக்கம். அந்த ஆளு மகள துரத்திட்டான். வருவாளா மாட்டாளான்னு தெரியல."

"இந்தப் புத்தகத்த எங்க எடுத்த?"

"எங்கன்னா? என் கடையில, மூணாம் நம்பர் டிரையர் மேல. ரெண்டு வருஷம் முன்னாடி."

"யாரோடதுன்னு அப்ப தெரியுமா?"

"தெரிஞ்சா அப்பவே கொண்டாந்து குடுத்திருக்க மாட்டேனா?"

அவர் மகன் பக்கம் திரும்பினார். டரெலுக்கும் புரிந்துவிட்டது. "அம்மா, இவரு உனக்கு அம்பது வருஷமாத் தெரிஞ்சவரு. இது செல்லாது."

"இவர் எடுத்த அன்னிக்கு இது என்னோடதுன்னு இவருக்குத் தெரியாது, எடுத்தது இவர்னு எனக்கும் தெரியாது. லாரி மேடையில நிக்கும்போதுதான் எடை. இறங்கினப்புறம் என்ன தெரிஞ்சாலும் எடை மாறாது." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா எழுதணும். இன்னிக்கே. உள்ள வா" என்றார்.

கம்ப்யூட்டர் கீச்சிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் எண்ணைப் போட்டு, எழுதினேன்: "மூன்று லாண்டரிகளின் உரிமையாளர் டெல்மர் வோண்ட்ரா இதைக் கண்டெடுத்துப் பத்திரமாகப் பாதுகாத்தார்."

தோளுக்கு மேலாகப் பார்த்த ஆர்லிஸ், "இது விளம்பரம். நடந்ததை எழுது" என்றார்.

அழித்தேன். டரெல் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார். ஆர்லிஸ் எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பலகை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கிறீச்சிட்டது. கடைசியில் இப்படி எழுதினேன்:

"என் லாண்டரியில் கண்டேன். யாரோ மறந்தது என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் இரண்டு வருடம் பூட்டி வைத்தேன். இதோடு சேர்த்து அறுபதுக்கு மேல். தப்பு என்னுடையது. மன்னிக்கவும். பாதி படித்திருக்கிறேன். முடித்ததும் வெளியே விடுவேன்."

எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆர்லிஸ் ஒன்றையும் திருத்தவில்லை. பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். டப்பாவிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, பன்னிரண்டு மைல் தெற்கே, ஊரை ஒட்டினாற்போல் குத்தினார்.

டரெல் தேசப்படத்தைப் பார்த்தார். "ரெண்டு வருஷம், ஒரு ஊசி. அதுவும் பக்கத்து வீடு மாதிரி" என்றார். சிரித்துவிட்டார். தொட்டிக்காரருக்குப் போன் செய்து, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நானூறு புத்தகமும் என் வண்டியில் ஏறின, முதுகுவலியோடு அவரே ஏற்றினார்.

ஆர்லிஸ் இரண்டு அறை வீட்டுக்குப் போய்விட்டார், ஆனால் அங்கே அவரைப் பார்ப்பது அபூர்வம். நான் வாரம் இருமுறை மூன்று கடைக்கும் போகும்போது முன்சீட்டில் ஏறிக்கொள்கிறார். ஒவ்வொரு எரிபொருள் நிலையத்திலும் நிறுத்தச் சொல்வார், ஒரு புத்தகத்தை வைப்பார், அடுத்ததுக்குப் போ என்பார். நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்று திட்டு. இந்த நெடுஞ்சாலையில் என்னைவிட நன்றாக ஓட்டுகிற ஆள் கிடையாது, அவரிடம் மட்டும் அது எடுபடவில்லை. இந்த நான்கு வருடத்தில் குண்டூசி முப்பத்தேழு ஆகிவிட்டது. அவருக்குப் போதவில்லை. இன்னும் கடலோரம் ஒன்றும் இல்லை என்கிறார்.

விளக்குக்காரனின் மகள் திரும்பி வந்தாளா என்று சொல்லமாட்டேன். முடித்ததும் வையோமிங் போகும் அந்தப் பெண் டிரைவரிடமே தெரியாத மாதிரி அதைத் தள்ளிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, நெவாடாவில் ஒரு பஸ் நிலையத்திலிருந்து யாரோ ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார். ஆர்லிஸ் போனில் படித்துக் காட்டினார்:

"பெஞ்சில் கண்டேன். நல்ல கதை. பக்கமெல்லாம் சோப்பு வாசனை."

அது என் சோப்பு.